ஆள்காட்டியின் முட்டை

மோன்டேவிடியோவில் ஆகஸ்ட்.
ஆறு என்றுதான் பெயர், அக்கரை தெரியாது.
அதன் காற்று ஆய்வகச் சன்னலைப் பிடித்து உலுக்குகிறது.
நிலவறையில் நாற்பது கணினிகள்
ஒன்றாய் முனகுகின்றன.
அந்தக் கூட்டத்துக்கு யாரோ
டேரோ என்று பேர் வைத்துவிட்டார்கள்:
புல்வெளியில் ஆளைக் கண்டால் அலறும்
ஆள்காட்டிக் குருவி.

என் வேலைக்கு வரிசையில் முப்பத்தேழாம் இடம்.
முன்னால் நிற்பவை எல்லாம்
முனைவர்களின் வேலைகள்.
உட்கார்ந்தபடியே நின்றேன், நள்ளிரவு வரை.

என் புரதம்
ஆட்டு ஈரலில் நீர்க்கட்டி கட்டும்
ஒரு நாடாப்புழுவுக்குச் சொந்தம்.
நூற்று முப்பத்து மூன்று அமினோ அமிலங்கள்,
கொழுப்பைக் கவ்வ ஒரு சின்ன வாய்.
அந்த வாயை அடைக்கத் தெரிந்தால் மருந்து என்று
விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்.
(எழுதும்போது நம்பினேன்.)

தண்ணீர்ப் பெட்டியில் இறக்கி,
உப்பிட்டு, சூடேற்றி,
ஓடு என்றேன்.
ஓடவில்லை.
ஒரு ஹிஸ்டிடினுக்கு
ஹைட்ரஜன் வைக்க மறந்திருந்தேன்.
மறுபடி.
ஓடியது, வெடித்தது.
வெப்பநிலை நாற்பதாயிரம் என்றது திரை.
சூரியனே வியர்த்திருக்கும்.
மறுபடி.

அண்ணன் வால்டெமார் இறைச்சிக் கடையில் எலும்பு அறுப்பவன்.
கட்டி கண்ட ஈரலை வாளியில் எறிந்துவிட்டு
விலா ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.
"புரதம்தானே அய்னோவா?
இதற்கா ஐந்து வருடப் படிப்பு?"
"உன்னுடையது செத்தது. என்னுடையது அசையும்."
"எவ்வளவு நேரம்?"
"நூறு நானோநொடி."
"அதைப் பார்க்க?"
"பதினொரு நாள்."
கத்தியைத் துடைத்தான், பதில் பேசாமல்.
ஒரு வாரத்துக்கு வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிக்க
விஷயம் கிடைத்துவிட்டது அவனுக்கு.

அவன் ஒருமுறை இமைப்பதற்குள்
நான் காத்திருந்து பார்க்கும் அந்த வாழ்க்கை
முப்பது லட்சம் தடவை
தொடங்கி முடிந்துவிடும்.
இதை அவனிடம் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் கோப்பைத் திறந்தேன்.
புரதம் இரண்டாய்க் கிடந்தது.
பாதி பெட்டியின் வலது ஓரத்தில்,
பாதி இடது ஓரத்தில்,
நடுவே பெட்டியைக் குறுக்கே கிழித்துக்கொண்டு
நீள நீளமாய்ப் பிணைப்புக் கோடுகள்.

திரையை அணைத்தேன்.
"எப்படிப் போகிறது?" என்றான்
பக்கத்து மேசை ஹோராசியோ.
"போகிறது."
அன்றிரவு விலகல் கடிதத்தில்
இரண்டு வரி எழுதினேன்.
மூன்றாவது வரவில்லை.

சனிக்கிழமை. கடைக் கல்லாவின் கீழே
அண்ணன் மகள் லூஹான்
அவனுடைய பழைய போனில் பாம்பு ஓட்டிக்கொண்டிருந்தாள்.
பாம்பு வலது ஓரத்தில் முட்டியது.
தலை இடது பக்கம் முளைத்தது,
வால் இன்னும் வலது பக்கமே.
"அறுந்துவிட்டதா?" என்றேன்.
என் குரல் எனக்கே விநோதமாக இருந்தது.
"அறுபடல அத்தை. ஒரே பாம்புதான்.
அங்க சுவரே கிடையாது."

மூன்றாம் அத்தியாயம்.
வலப்புறம் வெளியேறியது இடப்புறம் நுழையும் என்று
பச்சை மையில் அடிக்கோடிட்டவள் நான்தான்.
தேர்வில் முழு மதிப்பெண்.

மேலங்கியை மறந்து பேருந்துக்கு ஓடினேன்.
ஒரே ஒரு கட்டளை,
ஒன்றரை வரிகூட இல்லை.
முழுசாக நின்றது புரதம்,
நடுப்பெட்டியில், ஈரமாய்,
ஒரு பிணைப்பும் குறையாமல்.

ஆள்காட்டி அலறுமிடத்தில் முட்டை இருக்காது
என்பார்கள் எங்கள் பக்கம்.

பிறகு, எதையும் தேடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அறுபத்திரண்டாவது நானோநொடியில்
ஒரு தண்ணீர் மூலக்கூறு
அந்தச் சின்ன வாய்க்குள் போனது.
கொஞ்சம் தங்கியது.
வெளியே வந்தது.
ஏன் என்று தெரியவில்லை.
நோட்டில் நேரத்தைக் குறித்து
ஒரு கேள்விக்குறி போட்டேன்,
பச்சை மையில்.

இரண்டாவது ஓட்டத்தை அனுப்பினேன்.
வரிசையில் நாற்பத்தோராம் இடம்.
கீழே டேரோ முனகிக்கொண்டிருந்தது,
வேறு யாருக்காகவோ.